சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உறவினர்: வீட்டாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த என் பெரியப்பா, காலில் வீக்கம் ஏறி வார்ச்செருப்பு நுழையாமல் போனபோது, மருத்துவரிடம் போவதற்குப் பதிலாக வாரில் இருந்த ஓட்டையை ஆணியால் பெரிதாக்கிக்கொண்டார். அதுவும் போதாமல் போனதும் வாரையே அறுத்துவிட்டார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த பள்ளம், நான் இருபது எண்ணி முடித்த பின்னும் நிரம்பவில்லை. சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகங்களும் பெரும்பகுதி பழுதாகிவிட்டன, விரைவில் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் தேவைப்படும் என்று மதுரையில் ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு, அரிசி ஆலைக் காலண்டருக்குப் பின்னால் மடித்துச் செருகப்பட்டிருந்தது. வெள்ளையடிப்பதற்காகக் காலண்டரைக் கழற்றியபோதுதான் அது எங்கள் கைக்கு வந்தது.

அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் எங்கள் குடும்பம் செய்த தவறுகளிலிருந்தும், தாமதமாகக் கற்றுக்கொண்ட சில காரியங்களிலிருந்தும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பது சிறுநீரக நோயாக இல்லாமல் புற்றுநோயாகவோ காசநோயாகவோ மனநோயாகவோ இருக்கலாம். எதுவானாலும், செய்ய வேண்டியவற்றின் வரிசை பெரிதாக மாறாது.

முதல் படி: எவ்வளவு காலம் இருக்கிறது என்று கணக்கிடுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் வாதத்தைத் தொடங்கிவிட்டுத்தான் காலத்தைப் பற்றி யோசிக்கின்றன. முதலில் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இன்றைக்கு இவர் சம்மதிக்காவிட்டால், எந்தத் தேதி வரைக்கும் நாங்கள் பேசிப் பார்க்கலாம்?" இதற்கு வரும் பதில் மணிக்கணக்கில் இருக்கலாம், வாரக்கணக்கிலும் இருக்கலாம், நீங்கள் பேச வேண்டிய முறை அதைப் பொறுத்தே அமையும்.

நெஞ்சு வலி, திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போவது, மூச்சு முட்டுவது, வலிப்பு, நினைவு தப்புவது, சர்க்கரை நோயாளிக்குக் கால் விரல் கறுத்துக் காய்ச்சலும் சேர்வது ஆகியவை பேசிக்கொண்டிருக்கும் நேரமில்லை. 108ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. நோயாளி தன் விருப்பத்தைச் சொல்ல இயலாத நிலையில் இருந்து, உயிருக்கு ஆபத்தும் இருந்தால், நல்லெண்ணத்தோடு உடனடிச் சிகிச்சை அளிக்க மருத்துவருக்குச் சட்டம் இடம் தருகிறது.

சிறுநீரகச் செயலிழப்பில் கிடைக்கும் அவகாசம் கொஞ்சம் விசித்திரமானது. டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் பிஸ்டுலா என்னும் சிறிய அறுவை, பயன்படுத்தும் அளவுக்குத் தேறுவதற்கே ஒன்றரை மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆகவே டயாலிசிஸுக்கு மூன்று மாத அவகாசம் இருந்தாலும், பிஸ்டுலாவுக்கு அந்த அவகாசம் கிடையாது. இந்த வேறுபாட்டை நாங்கள் பிடித்துக்கொண்டதுதான் பின்னால் உதவியது.

இரண்டாம் படி: மறுப்பது அவரா, நோயா என்று பாருங்கள்

இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும், சர்க்கரை தாழ்ந்தாலும், வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலும் புத்தி கலங்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் தேங்கும்போதும் அப்படித்தான். இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒருவருடைய பேச்சு மாறியிருந்தால், பகலில் தூங்கி இரவில் பிதற்றினால், "அவர் பிடிவாதக்காரர்" என்று முடிவு கட்டாமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மனச்சோர்வும் இப்படித்தான் ஏமாற்றும். சாப்பாட்டிலும் பேரப்பிள்ளைகளிலும்கூட நாட்டம் போய், "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்று திரும்பத் திரும்பச் சொல்பவருக்கு முதலில் தேவைப்படுவது மனநல மருத்துவராக இருக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. மருத்துவர் என்ன சொன்னார், செய்துகொண்டால் என்ன ஆகும், செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவருடைய வார்த்தைகளிலேயே சொல்லச் சொல்லுங்கள். நான் கேட்டபோது பெரியப்பா வெற்றிலையின் காம்பைக் கிள்ளியபடியே பதில் சொன்னார்: "மாசம் போகப் போக உடம்பு பூராம் தண்ணி கோக்கும். அப்புறம் மூச்சு முட்டும். அப்புறம் போய்ச் சேந்துருவேன். போதுமா தம்பி?" அவருடைய புத்தி எங்கள் எல்லோருடையதையும்விடத் தெளிவாக இருந்தது. அப்படித் தெளிவாக இருக்கும் வயதுவந்த ஒருவரை, மகனோ மனைவியோ கையெழுத்திட்டுக் கட்டாயச் சிகிச்சைக்கு உட்படுத்த முடியாது. இதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளும் குடும்பம் வீண் சண்டைகளில் பாதியைத் தவிர்த்துவிடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் புற்றுநோய் என்றால், "அவருக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டார்" என்று மறைத்துவிட்டு, வெறும் கட்டிக்கு ஏன் இத்தனை ஊசி என்று அவர் மறுக்கும்போது கோபித்துக்கொள்கிறோம். தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவரிடம் சம்மதத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்டு, அந்த அளவுக்கு மருத்துவர் வாயால் சொல்லவைப்பதே முறை.

மூன்றாம் படி: அவர் எதை மறுக்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். சிகிச்சையை மறுக்கிறார் என்று நாம் நினைக்கும் பலர், உண்மையில் அதைச் சுற்றியிருக்கும் ஏதோ ஒன்றைத்தான் மறுக்கிறார்கள்.

எங்களுடைய முதல் முயற்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஒன்பது பேர் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். அத்தை அழுதார்; மூத்த மாப்பிள்ளை கைப்பேசியில் காணொளி காட்டினார்; யாரோ ஒருவர், பேரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பஞ்சாயத்தில் நிறுத்தப்பட்டவர் தன் பயத்தைச் சொல்வாரா?

பத்து நாள் கழித்து நான் மட்டும் கொடிக்காலுக்குப் போனேன். அகத்தி மரத்தில் கொடியை வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தார். கை வேலையாக இருந்தது, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை. அதனாலேயே பேச்சு வந்தது. "ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள்" என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் 'ஏன்' என்று தொடங்கினாலே அது விசாரணையாகிவிடுகிறது. "இதுல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமாப் படுது பெரியப்பா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நான்கு மரம் தாண்டிய பிறகு பதில் வந்தது. "கொடிக்கால வித்துத்தான எனக்கு ரத்தம் சுத்தம் பண்ணுவீக? இது சின்னவளுக்குன்னு சொல்லி வச்சது." இன்னும் இரண்டு மரம் தாண்டி: "மேலத்தெருக்காரரு கழுத்துல குழாயச் செருகிக்கிட்டுச் செத்தத நான் பாத்தேன்."

ஆக இரண்டு காரணங்கள்: நிலம், கழுத்துக் குழாய். இரண்டுக்குமே பதில் இருந்தது. கழுத்தில் குழாய் போடுவது பெரும்பாலும் பிஸ்டுலா தயாராகும் முன்பே அவசரமாக டயாலிசிஸ் தொடங்க நேரும்போதுதான். அவர் பார்த்துப் பயந்தது தாமதத்தின் விளைவு. ஒன்பது பேர் இரண்டு மணி நேரம் பேசியதில் இந்த இரண்டில் ஒன்றைக்கூட நாங்கள் தொட்டிருக்கவில்லை.

வேறு வீடுகளில் வேறு காரணங்கள் இருக்கும். மார்பில் கட்டியை மாதக்கணக்கில் மறைக்கும் அம்மா, ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பாரே என்று கூசியிருக்கலாம். அல்லது மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் 'அந்த வீட்டில் கேன்சர்' என்ற பேச்சு பரவிவிடும் என்று அஞ்சியிருக்கலாம். முந்தையதற்குப் பெண் மருத்துவரைக் கேட்டு வாங்கலாம். பிந்தையதற்கு, யார் யாருக்குச் சொல்வது என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும் என்று வாக்குக் கொடுத்து, அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். "அழகர் ஆத்துல இறங்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சித்திரை வரை தள்ளிப்போடுபவர்களும் உண்டு. இதை வெறும் சாக்கு என்று ஒதுக்காதீர்கள். மருத்துவர் கொடுத்த தேதி அதற்கு இடம் தந்தால் ஒத்துக்கொண்டு, திருவிழாவுக்கு மறுவாரம் என்ன செய்வது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பேச வேண்டியவரைத் தேர்ந்தெடுங்கள்

அதிகம் அன்பு கொண்டவர் இதற்கு ஏற்றவராக இருப்பார் என்பதில்லை. யார் சொன்னால் அவர் இதுவரை கேட்டிருக்கிறார் என்று பின்னோக்கிப் பாருங்கள். சில வீடுகளில் அது மைத்துனர். சில வீடுகளில் கூடப் படித்தவர். அதே சிகிச்சையை எடுத்துக்கொண்டு நடமாடும் ஒருவர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. பெரியப்பாவுக்கு வாடிப்பட்டிப் பக்கத்து வெற்றிலை வியாபாரி ஒருவரைக் காட்டினோம். அவர் சட்டைக் கையை மடித்துத் தன் பிஸ்டுலாவின் மேல் பெரியப்பாவின் விரலை வைத்தார். உள்ளே இரத்தம் 'விர்ர்' என்று ஓடும் அதிர்வை உணர்ந்ததும் பெரியப்பா, "மோட்டாரு மாதிரில்ல ஓடுது" என்றார். எங்கள் எல்லோருடைய கண்ணீரையும்விட அந்த அதிர்வு அதிகம் பேசியது.

மருத்துவரைச் சந்திக்கும்போதும் முன்னேற்பாடு வேண்டும். முதலில் பார்த்த தனியார் மருத்துவர், தலையைக்கூட நிமிர்த்தாமல், "பண்ணலைன்னா செத்துருவீங்க" என்று மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார். அவர் சொன்னது மருத்துவப்படி பொய்யில்லை, ஆனால் அதைக் கேட்டபின் பெரியப்பா இரண்டு மாதம் எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்கவில்லை. இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் மருத்துவருக்கு அவமரியாதை ஆகாது. கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டுப் போய், நான்கு கேள்விகளைத் தாளில் எழுதி, அவற்றை நோயாளியையே கேட்கவிடுங்கள்: இதனால் என் நாள் எப்படி மாறும்? எவ்வளவு காலம் தொடர வேண்டும்? நடுவில் நிறுத்தலாமா? இதைவிட எளிய வழி உண்டா? எழுபத்தைந்தைத் தாண்டி, இதய நோயும் சேர்ந்த சிலருக்கு டயாலிசிஸால் கூடும் ஆயுள் மிகக் குறைவாகவே இருக்கலாம்; அவர்களுக்கு மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் மட்டுமே போதும் என்று நல்ல மருத்துவரே சொல்வதுண்டு. நோயாளியின் மறுப்பே சரியாக இருக்கும் வாய்ப்பையும் திறந்து வையுங்கள்.

ஐந்தாம் படி: பணத்தைப் பற்றி அவர் முன்னிலையிலேயே பேசுங்கள்

நம் பெரியவர்கள் பலர் மறுப்பது பிள்ளைகளைக் கடனாளியாக்கக் கூடாது என்றுதான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. டயாலிசிஸும் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலர் வழியாகப் பெறும் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் அந்த அட்டை செல்லும். அட்டையை வாங்கி அவர் கையிலேயே கொடுங்கள். பெரியப்பா அதை வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டார். நிலத்தைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

ஆறாம் படி: முழுச் சம்மதம் கேட்காதீர்கள்

"வாழ்நாள் முழுக்க வாரம் மூன்று நாள்" என்று கேட்டால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். நாங்கள் கேட்டது பிஸ்டுலாவை மட்டும். அதைப் போட்டுக்கொண்டதாலேயே டயாலிசிஸுக்குச் சம்மதித்ததாக ஆகாது, வேண்டும் என்று தோன்றினால் வழி இருக்கும் என்றோம். அது தேறிய பிறகு, ஒரு மாதம் மட்டும் செய்து பார்ப்பது, பிடிக்காவிட்டால் நிறுத்துவது, நிறுத்தினால் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று பேசி முடித்தோம். மருத்துவரும் இதற்கு உடன்பட்டார். இப்படிக் காலவரையறை வைத்துச் சிகிச்சையைத் தொடங்கிப் பார்ப்பது மருத்துவத்தில் ஏற்கப்பட்ட முறைதான்.

சம்மதிப்பதற்கு முன் பெரியம்மா குலசாமி கோயிலில் பூப்போட்டுக் கேட்க வேண்டும் என்றார். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பொட்டலங்கள், எடுத்துக் கொடுக்க ஒரு சிறு பிள்ளை. நான் தடுக்க நினைத்தேன், அடக்கிக்கொண்டேன். வெள்ளை வந்தது, பெரியப்பாவின் முகத்தில் ஒரு பாரம் இறங்கியதைப் பார்த்தேன். சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியாது, ஆகவே இதை உபாயமாக யாருக்கும் சொல்லமாட்டேன். அவருடைய நம்பிக்கையைக் கேலி செய்யாத வீட்டில்தான் அவரிடம் மருத்துவம் பற்றியும் பேச முடியும் என்று மட்டும் சொல்வேன்.

நாட்டு மருந்துக்கும் இது பொருந்தும். அதை ஒரேயடியாகத் தடுத்தால் மறைவாகச் சாப்பிடுவார்கள். என்ன சாப்பிடுகிறார் என்பது மருத்துவருக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. சித்த மருத்துவம் வேண்டும் என்றால், பஸ்ஸில் ஒட்டிய விளம்பரத்தை நம்பாமல் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை நிறுத்தமாட்டேன் என்ற ஒரு வாக்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளி என்றால் மருந்துக் கடையில் சொந்தமாக வாங்கும் வலி மாத்திரையும், உடம்புக்கு நல்லது என்று கொடுக்கும் இளநீரும் வாழைப்பழமும் கேடாகலாம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும்.

குழம்பில் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் மருந்தோடு சோறும் வேண்டாம் என்றாகிவிடும்.

அவருடைய மறுப்பு பிறரையும் பாதிக்கும்போது

காசநோயில் கணக்கு வேறு, ஏனென்றால் ஒரே வீட்டில் இருமுபவரும் கைக்குழந்தையும் இருக்கலாம். வழக்கமான காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். இடையில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதிப்பார்கள். மருந்து இலவசம், சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. உள்நோயாளியாக இருக்க வேண்டியவர்களுக்குத் தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது.

மனநோயில், தனக்கு நோயே இல்லை என்று நம்புவதே நோயின் அறிகுறியாக இருக்கலாம். அவருடைய சந்தேகங்களோடு வாதாடாதீர்கள். தூக்கமின்மை, பயம் என்று அவரே ஒப்புக்கொள்ளும் தொல்லைக்காக மருத்துவரைப் பார்க்க அழையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலை வந்தால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, அவர் சார்பில் முடிவெடுக்க உதவும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்து, இருவர் தனித்தனியே பரிசோதித்து உறுதி செய்தபின் 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்கலாம். இருவரில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதை அதே சட்டம் தடை செய்கிறது. நம் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் ஓட முடியாமல் இறந்தார்கள். நேர்ச்சைக்காகத் தர்காவுக்கோ கோயிலுக்கோ அழைத்துப் போகிறவர்கள் மாத்திரையையும் கையோடு எடுத்துப் போகட்டும்.

இறுதி மறுப்பு

பெரியப்பா அந்த ஒரு மாதத்தைத் தாண்டிப் பதினான்கு மாதம் டயாலிசிஸ் செய்துகொண்டார். அதற்குள் சின்னவளின் கல்யாணமும் முடிந்தது. பிறகு ஒரு நாள், மருத்துவமனையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், "போதும் தம்பி" என்றார். அவருடைய புத்தி தெளிவாக இருக்கிறதா, மனச்சோர்வா, வலியா, பணமா என்று முதல் படியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம். எதுவும் இல்லை, உடம்பு களைத்துவிட்டது.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. சிறுநீரகம் முழுதும் நின்றவர் டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களே இருப்பார் என்பதை மருத்துவர் அவரிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும். மூச்சுத் திணறல், அரிப்பு, குமட்டல், வலி ஆகியவற்றைக் குறைக்கும் ஆதரவுச் சிகிச்சையை அன்றே கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வருவார். நாங்கள் தலைமாட்டைத் தலையணைகளால் உயர்த்தி, மின்விசிறியை முகத்துக்கு நேராக வைத்து, உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தோம்.

செயற்கைச் சுவாசம் போன்றவை தனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க, உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழி செய்தது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும். நோயாளி மனம் மாறினால் எந்த நேரத்திலும் சிகிச்சைக்குத் திரும்பலாம் என்பதை அவரிடம் சொல்லிக்கொண்டே இருங்கள். மருத்துவர் சொல்லைக் கேளாமல் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தவர்களுக்கும் மருத்துவமனைக் கதவு அடைபடுவதில்லை.

உங்களுக்காக

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, தேதி போட்டு, எடை, சிறுநீர் அளவு, மருத்துவர் சொன்னது, நோயாளி சொன்னது ஆகியவற்றை எழுதுங்கள். மருத்துவருக்கு அது பயன்படும். பின்னால் உங்களுக்கு அதைவிட அதிகம் பயன்படும், ஏனென்றால் எதையும் செய்யாமல் விட்டுவிட்டோமோ என்ற எண்ணம் நடு இரவில் வரும்போது புரட்டிப் பார்க்க ஏதாவது வேண்டும். இரவுக் காவலை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் இருக்கும் மகள் ஒருத்தி தலையிலேயே எல்லாவற்றையும் சுமத்திவிட்டு, வெளியூரில் இருப்பவர்கள் கைப்பேசியில் யோசனை சொல்வது நம் குடும்பங்களில் பெரிய அநியாயம். முன்னே சொன்ன 14416 எண், பார்த்துக்கொள்பவர்களுக்கும் உரியது.

கடைசியாக, துக்கம் கேட்க வருபவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலை வீட்டார் எல்லோரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பதினோராம் நாள், நிலக்கோட்டையிலிருந்து வந்த தூரத்துப் பங்காளி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்ததும், "பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா? பிள்ளைகள்லாம் என்ன பண்ணுனீக?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா உள்ளிருந்தே சொன்னார்: "எல்லாம் கேட்டோம்ணே. பதினாலு மாசம் வந்தாக. அப்புறம் அவுகதான் போதும்னாக. காப்பி எடுத்துக்கங்க."